முன்னாள் படைவீரர்களுக்குச் சிகிச்சை நீதிமன்றம்: மறுகுற்றம் குறைகிறதா? சேலத்தில் எதைச் செய்யலாம்?

மலைப்பாதை_20

எல்லாருக்கும் வணக்கம். சேலம், ஏற்காடு பகுதி முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்று மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கொடுக்க ஒரு மனு தயார் செய்கிறது. பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் மேல் விழுகிற வழக்குகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது மூன்று வகை: குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது, வீட்டுக்குள் அடிதடி, செக்யூரிட்டி வேலை பார்க்கிற இடத்தில் கைகலப்பு. அபராதம் கட்டி வெளியே வருகிறார். கொஞ்ச நாளில் மறுபடி அதே ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார். அமெரிக்காவில் இவர்களுக்கென்றே, நேரே தண்டிக்காமல் கண்காணிப்போடு சிகிச்சைக்கு அனுப்புகிற சிகிச்சை நீதிமன்றங்கள் நடக்கின்றன, நீதிபதியே அடிக்கடி நேரில் கூப்பிட்டு விசாரிக்கிறார் என்று கேள்விப்பட்டு, அதேபோல இங்கேயும் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அங்கே மறுகுற்றம் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா, யாரிடம் குறையவில்லை? புதுச் சட்டம் எதுவும் வராமல், இப்போதிருக்கிற சட்டத்தை வைத்தே சேலம் கோர்ட்டில் எவ்வளவு செய்ய முடியும்? ஏற்காட்டுக்கு மேலே கிராமத்தில் இருப்பவர் வாரா வாரம் மலை இறங்கி வருவது நடக்கிற காரியமா? முதல் வரைவில் "அமெரிக்காவில் இதனால் மறுகுற்றம் அடியோடு ஒழிந்தது" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அது நிற்குமா என்பதும் தெரிய வேண்டும்.

தரவு_மேசை

அந்த வாக்கியத்தை முதலில் எடுத்துவிடுங்கள். ஆதாரம் எங்கே என்று ஒரு கேள்வி வந்தால் மனு மொத்தமும் சரிந்துவிடும்.

நியூயார்க் மாநிலம் பஃபலோவில் 2008 ஜனவரியில் நீதிபதி ராபர்ட் ரஸ்ஸல் தொடங்கியதைத்தான் எல்லாரும் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். அதற்கு முன்பே 2004-ல் அலாஸ்காவின் ஆங்கரேஜில் ஒன்று நடந்தது. இரண்டுக்கும் மூலம், 1989-ல் மயாமியில் வந்த போதைப்பொருள் நீதிமன்றம். அந்தச் சட்டகத்தோடு, பழைய படைவீரர்களையே தன்னார்வ வழிகாட்டிகளாகச் சேர்த்ததும், அந்நாட்டு முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவமனையிலிருந்து ஒரு ஊழியரைக் கோர்ட்டுக்குள்ளேயே உட்கார வைத்ததும்தான் இதில் புதிது.

எண்களுக்கு வருவோம். ஜாக் சாய் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வு, 2011 முதல் 2015 வரை இந்த நீதிமன்றங்களுக்குள் வந்த 7,931 பேரைப் பார்த்தது. சராசரியாக ஏறக்குறைய ஓராண்டு திட்டத்தில் இருந்தார்கள். அந்தக் காலத்துக்குள் 14 சதவீதம் பேர் புதிதாகச் சிறைக்குப் போனார்கள். இதைத் திருப்பிப் போட்டு "86 சதவீதம் பேர் திருந்தினார்கள்" என்று எழுதிவிடாதீர்கள். இது திட்டத்தில் இருந்தபோது நடந்த கணக்கு; முடித்து வெளியே போன பிறகு என்ன ஆனது என்பது வேறு கேள்வி.

யார் மறுபடி உள்ளே போனார்கள் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். முன்பே சிறை சென்றவர்கள், திருட்டு போன்ற சொத்துக் குற்றத்தில் வந்தவர்கள், ஏற்கெனவே நன்னடத்தை நிபந்தனையை மீறி வந்தவர்கள், போதைப் பழக்க நோய் உள்ளவர்கள். இன்னொன்றும் அதே ஆய்வில் இருக்கிறது: சேர்ந்தபோது இருந்ததைவிட வெளியேறும்போது சொந்த இருப்பிடம் உள்ளவர்கள் 8 முதல் 10 சதவீதம் கூடினார்கள், துறையின் உதவித்தொகை பெறுபவர்கள் 12 சதவீதம் கூடினார்கள், ஆனால் வேலையில் இருப்பவர்கள் கூடியது வெறும் 1 சதவீதம். சிகிச்சையும் வீடும் கொடுத்தார்கள், வேலை கிடைக்கவில்லை. உங்கள் மனுவில் வேலை பற்றி ஒரு பத்தியாவது இருக்கட்டும்.

வெளியே சொல்லப்படும் பளபளப்பான சதவீதங்களில் ஒரு பொறி உண்டு. உதாரணக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 100 பேர் சேர்கிறார்கள். 60 பேர் முடிக்கிறார்கள், அவர்களில் 9 பேர் மறுபடி வழக்கில் சிக்குகிறார்கள். 40 பேர் பாதியில் விலகுகிறார்கள், அவர்களில் 20 பேர் சிக்குகிறார்கள். முடித்தவர்களை மட்டும் காட்டினால் 15 சதவீதம். சேர்ந்த எல்லாரையும் எண்ணினால் 29 சதவீதம். முடிக்கிறவர் ஏற்கெனவே வீடும் மனைவி மக்களும் ஒழுங்கான வருமானமும் உள்ளவராக இருப்பார். அவர் திட்டம் இல்லாவிட்டாலும் தேறியிருக்கலாம். அதனால் சேர்ந்தவர் ஒவ்வொருவரையும் எண்ணுகிற கணக்கை மட்டும் நம்புங்கள்.

"போர் பார்த்ததால் இப்படி ஆனார்" என்று பொதுவாக எழுதுவதும் சரியல்ல. எல்போகன் குழு 2014-ல் இராக், ஆப்கானிஸ்தான் போய் வந்த அமெரிக்க வீரர்களிடம் ஓராண்டுக்குள் கடுமையான வன்முறை நடந்ததா என்று பார்த்தது. பி.டி.எஸ்.டி-யும் (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பு) இல்லை, குடிப் பிரச்சினையும் இல்லை என்றால் 5.3 சதவீதம். பி.டி.எஸ்.டி மட்டும் என்றால் 10, குடி மட்டும் என்றால் 10.6. இரண்டும் சேர்ந்தால் 35.9. பிரிட்டனில் 13,856 படையினரின் பதிவுகளைக் காவல்துறை ஆவணங்களோடு இணைத்து 2013-ல் வந்த ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது: படையில் சேருவதற்கு முன்பே இருந்த வன்முறைப் பழக்கம், நேரடிச் சண்டை அனுபவம், திரும்பிய பின் குடி. ஆக, குடியையும் மனப் பாதிப்பையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கவனிக்காத திட்டத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும் மறுகுற்றம் அசையாது.

மனுவுக்கு மாற்று வாக்கியம் வேண்டுமானால்: "இத்திட்டங்களில் குடி, மனப் பாதிப்பு, முன்வழக்கு உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, தொடக்க மாதங்களில் நெருக்கமாகக் கண்காணிப்பதே முக்கியம் எனத் தெரிகிறது." இது நிற்கும்.

கோர்ட்_வராண்டா

தனி நீதிமன்றம் என்று கேட்டால் கோப்பு உயர் நீதிமன்றம், அரசு, நிதித்துறை என்று சுற்றிக்கொண்டே இருக்குங்க. அஸ்தம்பட்டி வளாகத்தில் இருக்கிற ஏதாவது ஒரு குற்றவியல் நடுவர் முன்னால், மாதத்தில் இரண்டு குறித்த நாட்களில் இந்த வழக்குகளை மட்டும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. அது நிர்வாக உத்தரவிலேயே முடிகிற விஷயம்.

சட்டம் கையில் இருக்கு. 1958-ம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், பிரிவு 4. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் தவிர மற்றதில், தண்டனை தராமல் பிணைப்பத்திரம் எழுதி வாங்கி விடுவிக்கலாம்; அதிகபட்சம் 3 ஆண்டு. அதோடு மேற்பார்வை உத்தரவு போட்டால் குறைந்தது 1 ஆண்டு நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பு. பிரிவு 4(4)-ஐ மனுவில் அப்படியே எடுத்துப் போடுங்க. வசிக்கும் இடம், போதைப் பொருளை விலக்குதல், வேறு எந்த விஷயமானாலும் சரி, மறுபடி குற்றம் நடக்காமல் தடுக்க நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம் என்று அதிலேயே இருக்கு. சிகிச்சைக்கு வருவது, பரிசோதனை கொடுப்பது, குறித்த நாளில் ஆஜராவது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு உட்பிரிவு போதும்.

முன் தண்டனை இருந்தால் பிரிவு 4 கிடைக்காது என்று பலர் நினைக்கிறாங்க. அந்தத் தடை பிரிவு 3-ல்தான் இருக்கு, அதாவது எச்சரித்து விடுவதில். பிரிவு 4-ல் குற்றத்தின் தன்மையையும் ஆளின் குணநலனையும் பார்க்கச் சொல்லியிருக்கு, அவ்வளவுதான். மேலே தரவு_மேசை சொன்ன மாதிரி மறுகுற்ற ஆபத்து அதிகமான ஆளைத்தான் எடுக்கணும் என்றால் இந்த வித்தியாசம் உயிர்நாடி.

இப்போ ஓட்டை எங்கே என்று சொல்கிறேன். நிபந்தனையை மீறினால் பிரிவு 9-ன்படி நீதிமன்றத்திடம் இரண்டே வழி: பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுக்கலாம், அல்லது முதல் மீறல் என்றால் 50 ரூபாய்க்கு மிகாமல் அபராதம் போட்டு பத்திரத்தைத் தொடர விடலாம். 50 ரூபாய்க்கும் ஜெயிலுக்கும் நடுவில் படியே இல்லை. அந்தப் படியைப் பிரிவு 8 வழியாகத்தான் கட்டணும். நன்னடத்தை அலுவலர் மனுப் போட்டால், மூன்றாண்டு எல்லைக்குள் காலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், புது நிபந்தனை சேர்க்கலாம். ஆளுக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு தரணும். ஒரு முறை வராமல் போனால் வாரம் ஒரு முறை ஆஜர். ஒழுங்காக நாலு மாதம் போனால் மாதம் ஒரு முறை. இறங்குவதற்கும் ஏறுவதற்கும் அந்தப் பிரிவு ஒன்றே வழி.

பிரிவு 4-ல் உத்தரவு போடும் முன் நன்னடத்தை அலுவலர் அறிக்கை வந்திருந்தால் நீதிமன்றம் அதைப் பார்க்கணும். உங்கள் சங்கம் உண்மையில் உதவக்கூடிய இடம் இந்த அறிக்கைதான். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் பே ஆர்டர், வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு எழுதிய காகிதம், இ.சி.எச்.எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை, முந்தைய வழக்கு எண்கள், துப்பாக்கி உரிமம் இருக்கா இல்லையா. இவ்வளவும் ஒரே உறையில் போனால் அலுவலருக்குப் பாதி வேலை மிச்சம். துப்பாக்கி உரிமம் விஷயத்தை யாரும் கேட்க மாட்டாங்க. பாங்க் காவலுக்குப் போகிறவர் வீட்டில் துப்பாக்கி இருக்கு, அதே வீட்டில் அடிதடி நடக்குது என்றால், ஆயுதச் சட்டம் பிரிவு 17-ன்கீழ் உரிமம் வழங்கிய அதிகாரி அதை நிறுத்தி வைக்க முடியும். முதல் நாளே கேட்டு எழுதுங்க.

எது இதற்குள் வராது? குடித்து ஓட்டி உயிர் போயிருந்தால் நன்னடத்தையை நம்பாதீங்க. தல்பீர் சிங் வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் கதவைக் கிட்டத்தட்ட மூடிவிட்டது. முதல் முறை குடித்து ஓட்டிய வழக்கு வேறு விதத்தில் நழுவும். மோட்டார் வாகனச் சட்டம் 185-ல், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆள் பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுவார். ஓராண்டு கோர்ட்டுக்கு நடப்பதா, பணம் கட்டுவதா என்றால் யாரும் பணத்தைத்தான் எடுப்பாங்க. அதனால் இரண்டாவது முறை பிடிபட்டவர், ஆயுதத்தால் காயப்படுத்திய 118(1), கொடுங்காயம் 117(2) போன்ற நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) வழக்குகள், இவைதான் ஆள் தானாகச் சம்மதிக்கிற இடம். பென்ஷனுக்கு நன்னடத்தை ஒரு நிபந்தனை என்பதையும், கடுமையான குற்றத்தில் தண்டனை வந்தால் பென்ஷன் நிறுத்தப்படலாம் என்பதையும் வக்கீல் எடுத்துச் சொன்னால் சம்மதம் சீக்கிரம் வரும். பிரிவு 12-ன்படி நன்னடத்தையில் விடுபட்டவருக்குத் தண்டனையோடு வருகிற தகுதியிழப்பு ஒட்டாது. ஆனால் குற்றத் தீர்ப்பு அழிவதில்லை. செக்யூரிட்டி வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் அது தெரியும். இதை மறைத்துச் சம்மதம் வாங்காதீங்க.

கஞ்சா வழக்கு என்றால் தனிச் சட்டமே இருக்கு. சிறு அளவு, அதாவது 1 கிலோ வரை, ஆள் பழக்கத்துக்கு அடிமை என்றால், போதைப்பொருள் சட்டம் பிரிவு 39-ல் அரசு அங்கீகரித்த மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு விடுவித்து, ஓராண்டுக்குள் அறிக்கை வாங்கி, அப்புறம் பத்திரம் எழுதலாம். நம்ம நாட்டுச் சட்டத்தில் சிகிச்சை நீதிமன்றத்துக்கு மிக அருகில் நிற்கிற பிரிவு அதுதான். கோர்ட்டில் பயன்படுத்துவதைத்தான் காணோம்.

மலைப்பாதை_20

ரொம்ப நன்றி. 50 ரூபாய் விஷயம் யாருக்கும் தெரியாது. இதிலிருந்து ஒரு கேள்வி: சங்கத்தில் மூத்தவர்கள் "ஒரு சொட்டு குடித்தாலும் நேரே ஜெயில்" என்று நிபந்தனை எழுதச் சொல்கிறார்கள். ராணுவ ஒழுங்கு அப்படித்தான், அதுதான் அவர்களுக்குப் புரியும் என்கிறார்கள். சரியா?

மனநலப்_பணி

சரியில்லை. இந்தத் திட்டங்கள் அதிகம் சறுக்குவது அந்த ஒரு வரியில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குடிநோயாளியிடம் முதல் மாதத்திலேயே முழு நிதானத்தை எதிர்பார்ப்பது, கால் உடைந்தவரை ஓடச் சொல்வது போல. அவரால் முதல் நாளிலேயே முடியக்கூடியவை வேறு: சொன்ன நேரத்துக்கு வருவது, சிறுநீர் மாதிரி கொடுப்பது, குடித்திருந்தால் குடித்தேன் என்று உண்மையைச் சொல்வது. அமெரிக்கச் சிகிச்சை நீதிமன்றங்களுக்கான தர நெறிமுறைகள் இந்தப் பிரிவினையைத் தெளிவாக வைத்திருக்கின்றன. தொடக்கத்தில் குடித்ததற்குச் சிகிச்சையை மாற்ற வேண்டும். வராததற்கும், பொய்க்கும், மாதிரியில் தண்ணீர் கலந்ததற்கும் உடனடி விளைவு வேண்டும். ஆறு ஏழு மாதம் நிதானமாக இருந்தவர் குடித்தால் அது வேறு. அப்போது கடுமை கூடலாம். "ஒரு சொட்டுக்கு ஜெயில்" என்று எழுதினால், குடித்தவர் அடுத்த முறை வரவே மாட்டார். வாரண்ட் போகும், அவர் கேரளாவுக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விடுவார். உங்கள் கணக்கில் அவர் "விலகியவர்" ஆவார், காவல்துறை கணக்கில் கொஞ்ச நாளில் "மறுகுற்றவாளி" ஆவார்.

சிறை அடி கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அமெரிக்காவில் 3 முதல் 6 நாள். அதற்கு மேல் போனால் பலன் தேய்கிறது என்பது போதைப்பொருள் நீதிமன்ற ஆய்வுகளில் கண்டது. அங்கே முதல் கட்டத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீதிபதி முன் ஆஜர், வாரம் இரண்டு முறை பரிசோதனை, முடிப்பதற்கு முன் குறைந்தது 90 நாள் நிதானம். நீதிபதி ஒருவரோடு பேசுகிற நேரம் சராசரி 3 நிமிடமாவது இருக்கும் நீதிமன்றங்களில் விளைவு நன்றாக இருக்கிறது. 125 பேருக்கு மேல் சேர்த்தால் கவனம் சிதறுகிறது. பாராட்டும் கணக்கில் வரும்: ஒரு தண்டனைக்கு நாலு பாராட்டு என்ற அளவு சொல்கிறார்கள். நடுவர் மேசையிலிருந்து "மூன்று முறையும் நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள், நல்லது" என்று பெயர் சொல்லிச் சொன்னால் அதுவே பாராட்டு.

கைதான நாளில் நடப்பது இன்னும் அவசரம். தினமும் குடிப்பவரை லாக்-அப்பிலோ ரிமாண்டிலோ போட்டால் குடி திடீரென்று நிற்கிறது. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் கை நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பது, ஆள் இடம் தெரியாமல் கத்துவது. இது உயிரைக் கொல்லக்கூடிய நிலை. பட்டாளத்துக்காரர் "எதிரி வருகிறான்" என்று கத்தினால் பி.டி.எஸ்.டி என்று நினைத்துவிடுவார்கள், அல்லது நடிக்கிறார் என்பார்கள். ரிமாண்டுக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் கடைசியாகக் குடித்த நேரம், தினசரி அளவு, முன்பு வலிப்பு வந்ததா என்ற மூன்றையும் எழுதச் சொல்ல வேண்டும். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) போட்டார்களா என்று கேளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குக் கொண்டு போக இந்த மூன்று வரி போதுமான காரணம்.

பரிசோதனை எதை வைத்து? ஊதுகிற கருவி அன்றைய குடியை மட்டும் காட்டும். சிறுநீரில் மதுவின் எச்சத்தைத் தேடும் இ.டி.ஜி பரிசோதனை மூன்று நாள் வரை பின்னோக்கிக் காட்டும், ஆனால் கைச் சுத்திகரிப்பான், அரிஷ்டம், ஆசவம் போன்ற மருந்துகளாலும் மெல்லிய அளவில் வரலாம். அதனால் தசமூலாரிஷ்டம் குடிப்பவரா என்று தொடக்கத்திலேயே கேட்டு நிறுத்தச் சொல்லுங்கள். 100 நானோகிராம் போன்ற மெல்லிய அளவில் வந்த முடிவை மட்டும் வைத்து யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள். மாதிரியில், சிறுநீரில் இயல்பாகவே இருக்கிற கழிவுப்பொருளான கிரியேட்டினின் 20-க்குக் கீழ் இருந்தால் தண்ணீர் நிறையக் குடித்திருக்கிறார் அல்லது கலந்திருக்கிறார்; மறுபடி எடுக்க வேண்டும். செலவு கட்டுப்படாவிட்டால் ஜி.ஜி.டி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனையை முதல் நாளும் பிறகு 4 வாரத்துக்கு ஒரு முறையும் பாருங்கள். கொழுப்புக் கல்லீரல், வலிப்பு மாத்திரை இருந்தாலும் அது உயரும், அதனால் ஒற்றை எண்ணைப் பார்க்காமல் இறங்குகிறதா ஏறுகிறதா என்று போக்கைப் பார்ப்பதே சரி.

குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிராம் மாத்திரையை நிபந்தனையில் எழுதவே கூடாது. மருத்துவர் முடிவும் நோயாளி சம்மதமும் இல்லாமல், சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து இதய நோய் உள்ளவர் செத்துப்போகலாம்.

கடைசியாக, தலையில் அடிபட்டவர், குண்டுச் சத்தத்தில் காது மந்தமானவர். இவர்கள் "வராமல் இருந்தார்" என்று பதிவாகிறவர்களில் அடிக்கடி இருப்பார்கள். அடுத்த நாள், நேரம், இடம், கொண்டுவர வேண்டியது என நாலு வரி பெரிய எழுத்தில் ஒரு சீட்டு. அதை ஒப்படைக்கும்போது வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும்.

சுபேதார்_ஓய்வு

தன்னார்வ வழிகாட்டி எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் இது. அமெரிக்கத் திட்டத்தில் வழிகாட்டி நீதிமன்றத்துக்கு உளவு சொல்கிறவர் அல்ல. உயிர் ஆபத்து தவிர மற்றதை அவர் வெளியே சொன்னால் அடுத்த வாரமே அந்த ஆள் பேச்சை நிறுத்திவிடுவார்.

ரேங்க் விஷயத்தில் கவனம். ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் சிப்பாய்க்கு வழிகாட்டியானால் அங்கே உரையாடல் நடக்காது, ஆர்டர் நடக்கும். "ஜி சார்" என்று சொல்லிவிட்டு நேரே டாஸ்மாக் போவார். நாயக், ஹவில்தார் நிலையில் இருந்து வந்தவர்களை எடுங்கள். ஒரே ரெஜிமென்ட் என்றால் நல்லது, ஒரே ஊர், ஒரே சொந்தம் என்றால் வேண்டாம். வழிகாட்டியே மாலையில் குடிப்பவர் என்றால் அவர் வேண்டவே வேண்டாம்.

ராணுவ கேன்டீன் கார்டு இன்னொரு முக்கிய இடம். மளிகைக்கு ஒரு கார்டு, மதுவுக்கு ஒரு கார்டு. டாஸ்மாக்கை நிறுத்தினாலும் மாத ஒதுக்கீடு வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். மது கார்டைத் தானே ஒப்படைக்கச் சம்மதித்தால் பத்திரத்தில் நிபந்தனையாக எழுதலாம். மளிகை கார்டைத் தொடாதீர்கள், அது குடும்பத்தின் வயிறு.

கோர்ட்_வராண்டா

மது கார்டு யோசனை நல்லா இருக்கு, பிரிவு 4(4)-ல் பொருந்தும்.

வீட்டு வன்முறை வழக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதை இதில் சேர்க்கவே கூடாது என்று சிலர் சொல்வாங்க. மனைவி தரப்பில் அது நியாயமான பயம்: "பட்டாளத்துக்காரர், பாவம்" என்று கோர்ட்டே அவர் பக்கம் சாய்கிற மாதிரி ஆகிடும். எனக்குத் தோன்றுவது, சேர்க்கலாம், ஆனால் வேறு வாசல் வழியாக. நியாய சன்ஹிதா பிரிவு 85-ன்கீழ் வரும் கணவன் கொடுமை வழக்கு, பேரம் பேசி முடிக்கிற நடைமுறைக்குள் வராது, பெண்ணுக்கு எதிரான குற்றம். 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு முதலில் வாங்கணும். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 வரை அபராதம் என்று தனிக் குற்றமே இருக்கு. அந்தம்மாவுக்குத் தனி வக்கீல். வருமானம் எவ்வளவு என்றாலும் பெண் என்பதாலேயே இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குக் கூப்பிட்டால் போதும்.

மனநலப்_பணி

இதை முழுதாக ஏற்கிறேன், ஒன்று சேர்க்கிறேன். "மறுபடி குடித்தாரா, அடித்தாரா" என்று மனைவியிடம் கேட்டு, அதை அப்படியே கோர்ட்டில் வாசித்தால் அன்று இரவே அவருக்கு அடி விழும். தகவல் அவரிடமிருந்து வந்தது என்று தெரியவே கூடாது. பரிசோதனை, வருகை ஆகியவற்றிலிருந்தும், வழிகாட்டி தவிர்த்த மற்ற மூலங்களிலிருந்தும் கிடைத்ததை வைத்தே நடவடிக்கை. அமெரிக்கப் படைவீரர் துறையில் "ஸ்ட்ரெங்த் அட் ஹோம்" என்று 12 வாரக் குழுப் பயிற்சி இருக்கிறது, சீட்டுக் குலுக்கி இரு குழுவாகப் பிரித்துச் செய்த சோதனையில் பலன் காட்டியது. ஆபத்தைத் தவறாக ஊகிப்பது, அதிகாரம், நம்பிக்கை பற்றிய பழக்கங்களை அதில் எடுக்கிறார்கள். வெறும் "கோபத்தைக் குறை" வகுப்பு இதற்குப் போதாது.

மலைப்பாதை_20

வழிகாட்டி, கார்டு இரண்டையும் மனுவில் சேர்த்துவிட்டோம். மலை விஷயம் மட்டும் பாக்கி. நவம்பரிலிருந்து காபி பழம் பறிப்பு, பிறகு மிளகு. அந்த மாதங்களில் ஒரு நாள் கூலியை விட்டு வரச் சொன்னால் ஆள் வர மாட்டார். தவிர, எப்படி எண்ணுவது?

கோர்ட்_வராண்டா

நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 530 விசாரணைகளை மின்னணு முறையில் நடத்த இடம் தருது. நன்னடத்தைச் சட்டத்தின் ஆஜருக்கும் அதை நீட்டலாம் என்று கேளுங்க. முதல் இரண்டு மாதம் நேரில், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கித்தான் வரணும். நடுவர் முகம் பார்த்துப் பேசுவதில்தான் பலனே இருக்கு. அதன் பிறகு ஒன்று விட்டு ஒன்று காணொளி. பறிப்பு மாதங்களில் ஆஜர் நேரம் மாலை 4 மணிக்கு மேல் என்று உத்தரவிலேயே போடச் சொல்லுங்க. இரவுக் காவலுக்குப் போகிறவருக்குக் காலை 10 மணி.

மனநலப்_பணி

பரிசோதனையை ஏற்காடு காவல் நிலையத்தில் வைக்காதீர்கள். வாரம் இரண்டு முறை ஒருவர் ஸ்டேஷனுக்குப் போவதை ஊர் பார்த்தால் எஸ்டேட் வேலை போய்விடும். அரசு மருத்துவமனை போதும், அங்கே எதற்குப் போகிறார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இடைப்பட்ட நாட்களில் மனசு தாங்காவிட்டால் டெலி-மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். குடி, போதைக்கு 14446.

தரவு_மேசை

எண்ணுவதற்கு: சேர்ந்த நாளிலிருந்து தொடங்கி 2 ஆண்டு, முடித்தவர் விலகியவர் எல்லாரையும். மூன்று தனிப் பத்திகள் போடுங்கள்: எஃப்.ஐ.ஆர், தண்டனை, சி.எஸ்.ஆர் ரசீது (எஃப்.ஐ.ஆர் போடாமல் புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷனில் தருவது). மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். வீட்டுச் சண்டைப் புகார் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பெரும்பாலும் சி.எஸ்.ஆர் போட்டுப் பேசி அனுப்புவதோடு நிற்கும், எஃப்.ஐ.ஆர் ஆகாது. எஃப்.ஐ.ஆர் மட்டும் எண்ணினால் வீட்டு வன்முறை ஒழிந்துவிட்டதாகக் காகிதம் சொல்லும். ஒப்பிட, திட்டம் வருவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அதே பிரிவுகளில் வழக்கான முன்னாள் படைவீரர்களின் பட்டியலை, வயது, முன்வழக்கு எண்ணிக்கை, குடி விவரம் மூன்றும் பொருந்துகிற மாதிரி எடுத்து வையுங்கள். அந்தப் பட்டியலைத் திட்டம் தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். தொடங்கிய பிறகு தேடினால், நமக்குச் சாதகமான ஆட்களைத்தான் கை தானாகப் பொறுக்கும்.

சின்னதாகத் தொடங்குங்கள், 15 பேர் போதும். முதல் முறை, லேசான வழக்கு, வீடு வாசல் ஒழுங்காக உள்ளவர்களைச் சேர்க்க ஆசை வரும், எண்ணிக்கை அழகாக வரும் என்பதால். அவர்களுக்கு அபராதமும் ஒரு எச்சரிக்கையும் போதும். வழக்கு நிறைய உள்ளவர்களோடு ஒரே குழுவில் உட்கார வைத்தால் அவர்களுக்குக் கெடுதல்தான் வரும். இரண்டாவது மூன்றாவது வழக்கு, குடியும் தூக்கமின்மையும் சேர்ந்தவர், வேலை இல்லாதவர், இவர்களுக்காக அந்த 15 இடத்தையும் வைத்திருங்கள்.